சனிக்கிழமை வந்த பிள்ளைகள்

தோட்டங்களுக்குப் போய் டியூஷன் சொல்லிக்கொடுத்த பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி நம்மிடம் நன்றியுரைகளுக்குக் குறைவே இல்லை. தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா, கோயில் மண்டபம், புதிதாக டாக்டரான ஒருவருக்குப் பாராட்டுக்கூட்டம் என எங்கே போனாலும், "அன்னைக்கு அந்த யுனிவர்சிட்டி அண்ணனுங்க வரலைன்னா நான் இன்னிக்கு இந்த மேடையில நிக்கமாட்டேன்" என்று யாராவது ஒருவர் சொல்வார். கைதட்டுவோம். நன்றியுரையில் ஒரு வசதி இருக்கிறது. கொடுத்தவர் யார், வாங்கிக்கொண்டவர் யார் என்பது பேசத் தொடங்கும் முன்பே முடிவாகிவிடும். அந்தச் சனிக்கிழமைகளை வரலாறாக எழுத உட்கார்ந்தால் கணக்கு அவ்வளவு நேராக வருவதில்லை. பல்கலைக்கழகத்துக்கு முதலில் கொடுத்தது தோட்டம்தான். பிறகும் கொடுத்துக்கொண்டே இருந்தது.

பணத்திலிருந்தே தொடங்கலாம். மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் உருவானது. அங்கே இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு வந்தபோது, சமஸ்கிருதத்துக்கு முதலிடமா தமிழுக்கு முதலிடமா என்ற சர்ச்சையும் கூடவே வந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று வந்து சேர்ந்த பணம் அது. கொடுத்தவர்களில் பால்மரம் சீவியவர்கள் இருந்தார்கள். 1956-இல் துறை தொடங்கியது, தமிழ் அதன் மையமாயிற்று, திரண்ட பணம் பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல்களானது. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. பெரும்பாலானவை தோட்டத்துக்குள்ளேயே இருந்தவை, ஆறாம் வகுப்போடு முடிந்துவிடுபவை. அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தவர், தன் பிள்ளை அந்த நூலகத்துக்குள் நுழையும் என்று நினைத்துக் கொடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பேராக்கை வைத்துத்தான் இதையெல்லாம் யோசிக்கிறேன். என் மாநிலம் அது என்பதோடு, ரப்பரின் கதையும் பெரிய அளவில் இங்கே தொடங்கியதுதான். 1877-இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்கு அருகே இன்னும் மரமாக நிற்கிறது. நாட்டிலேயே அதிகத் தமிழ்ப்பள்ளிகள் பேராக்கில்தான், 134. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுக்கொண்டு கிளம்பியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். லயத்தில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சுங்கை சிப்புட்காரரான வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக வாங்கித் தோட்டங்களை வாங்கத் தொடங்கினார். இதே துண்டாடலைப் பற்றி மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் துறையின் உங்கு அசிஸ் விரிவான ஆய்வு ஒன்றைச் செய்து 1962-இல் வெளியிட்டார். முக்கியமான ஆய்வுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பல்கலைக்கழகம் தோட்டத்தைப் பார்க்க வந்த முதல் வழிகளில் ஒன்று, கேள்வி கேட்டுக் கணக்கெடுப்பது.

மாணவர்கள் வந்தது அதன் பிறகு. அவர்கள் ஏன் டியூஷன் ஆசிரியர்களாக வந்தார்கள் என்பதற்கு ஒரு சட்டக் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். மேடைகளில் இதை யாரும் சொல்வதில்லை.

1974 நவம்பரில் பேராக் எல்லையை ஒட்டிய கெடாவின் பாலிங்கில் ரப்பர் சிறுதோட்டக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். ரப்பர் விலை விழுந்திருந்தது, அரிசி விலை ஏறியிருந்தது. பெரும்பாலும் மலாய்க் குடும்பங்கள். அவர்களுக்கு ஆதரவாக டிசம்பர் 3-ஆம் தேதி கோலாலம்பூரில் பல்கலைக்கழக மாணவர்கள் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைதானார்கள். அடுத்த ஆண்டே பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம், நாம் ஆவ்கு என்று சொல்கிற 1971-ஆம் ஆண்டுச் சட்டம், இறுக்கித் திருத்தப்பட்டது. மாணவர் அரசியல் கட்சியில் சேரக்கூடாது, ஆதரவு தெரிவிக்கக்கூடாது. தொழிற்சங்கத்தோடும் தொடர்பு கூடாது. பணம் வசூலிக்கக்கூடாது.

இப்போது அந்தக் காலத்து ஒரு தமிழ் மாணவனை நினைத்துப் பாருங்கள். அப்பா தோட்டத்தில் மரம் சீவுகிறார். சம்பளப் பிரச்சினை தெரியும், லயத்துக் கூரை ஒழுகுவது தெரியும். சங்கக் கூட்டத்தில் பேசினால் படிப்பு போய்விடும். உண்டியல் தூக்கினாலும் போய்விடும். அவன் கையில் மிச்சம் இருந்தது கணக்கும் மலாய் மொழியும்தான். அவை சட்டத்தால் தடுக்கப்படாதவை. 1979-இல் மாணவர்களும் இளைஞர்களும் சேர்ந்து இ.டபிள்யூ.ஆர்.எஃப். என்ற கல்வி, நல, ஆய்வு அறவாரியத்தைத் தொடங்கினார்கள். 1982-இல் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் கல்வி நிலையம், பல்கலைக்கழக மாணவர்களையே ஆசிரியர்களாக வைத்து ஊர் ஊராகப் பரவியது. பத்துமலைக்குக் கல்வி யாத்திரை போகும் அந்தக் கூட்டத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம், சிலர் நடந்தும் இருப்போம். எல்லாவற்றுக்கும் சட்டம்தான் காரணம் என்று சொல்லவரவில்லை. தேவையும் பெரிதாகவே இருந்தது. 1970-இல் தொடங்கிய மொழிமாற்றம் முடிந்து, எண்பதுகளின் தொடக்கத்தில் இடைநிலைப்பள்ளி முழுக்க மலாய் வழியாகிவிட்டது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஓர் ஆண்டு புகுமுக வகுப்பில் உட்கார்ந்து, பிறகு படிவம் ஒன்றுக்குப் போய், மூன்றாம் படிவத்தில் எஸ்.ஆர்.பி. எழுத வேண்டும். தவறினால் பள்ளி வாழ்க்கை அங்கேயே முடிந்தது. ஆனாலும் ஒரு தலைமுறையின் கோபம் முழுவதும் டியூஷனாக உருமாறியதில் அந்தச் சட்டத்துக்குப் பங்கில்லை என்று நம்புவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நான் இந்த விஷயத்துக்குள் வந்தது புத்தகம் வழியாக இல்லை. ஒரு போன் கால் வழியாக.

2021 ஜூன் 1-ஆம் தேதி நாடு மறுபடியும் முழுதாக முடங்கியது. நான் பல்கலைக்கழக விடுமுறையில் செமோரில் வீட்டில் இருந்தேன். ஈப்போவில் ஒரு சின்ன சமூக அமைப்பு எட்டு வாரத்துக்குக் கல்லூரி மாணவர்களை எடுத்தது. ஃபெல்லோஷிப் என்று பெயர், கைச்செலவுக்கு ஒரு தொகை. அலுவலகம் எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். எட்டு வாரத்தில் ஒரு முறைகூட நான் அதன் படியேறவில்லை. குழுவில் ஒருத்தி கூச்சிங்கில் இருந்தாள், ஒருவன் ஜொகூரில். காலை ஒன்பதுக்கு கூகள் மீட்டில் முகம் காட்டுவோம், பிறகு அவரவர் பட்டியல். தோட்டம் கைமாறியோ மூடியோ வெளியேறி, ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கம் வந்து தங்கிவிட்ட குடும்பங்கள். அழைத்துப் பேசி எக்செல் தாளை நிரப்ப வேண்டும். வீட்டில் எத்தனை பேர், யாருக்கு வேலை போயிற்று, பள்ளிப் பிள்ளைகளுக்கு எத்தனை போன், எத்தனை நாளைக்கு அரிசி. ஜூன் கடைசியில் வெள்ளைக்கொடி இயக்கம் தொடங்கியது. சாப்பாட்டுக்கு இல்லாதவர்கள் வாசலில் வெள்ளைத்துணி கட்டினால் அக்கம்பக்கத்தார் உதவுவார்கள். நாங்கள் அழைத்த வீடுகளில் பலவற்றில் துணி கட்டக் கூச்சப்பட்டார்கள். அதனால் போன் கால் உபயோகமாகத்தான் இருந்தது.

என் பட்டியலில் ஒரு பாட்டி. எண்பதை நெருங்கியவர். நான் கேள்வியைத் தொடங்கும் முன் அவர் தொடங்கிவிட்டார்.

"நீ எந்தத் தோட்டத்துப் புள்ள?"

"தோட்டம் இல்ல பாட்டி. செமோர், தாமான்லதான் பொறந்தேன். யுனிவர்சிட்டில படிக்கிறேன்."

"ஓ, டியூஷன் புள்ளையா?"

"டியூஷன் இல்ல பாட்டி, கணக்கெடுக்கிறோம்."

"அப்பல்லாம் சனிக்கிழமை பஸ்ல வருவாங்க. எங்க வீட்ல நாலு பேரு படுப்பாங்க. ஒரு பொண்ணுக்குக் கருவாடு ஆகாது. அதுக்கு மட்டும் முட்டை பொரிச்சுக் குடுப்பேன்."

என்ன பாடம் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். "அது எனக்கு எப்படித் தெரியும்? காலையில பெரட்டுக்குப் போறவளுக்கு" என்றார். பிறகு அவரே, "ஆனா அந்தப் பொண்ணு ஒரு நாளு என்கூட மரம் சீவ வந்துச்சு. ஒரு நெரை முடியல, கையெல்லாம் கொசுக்கடி. உக்காந்து அழுதுருச்சு. அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தா மொதல்ல என் காலத்தான் அமுக்கி விடும்" என்றார்.

இதை எங்கே எழுதுவது? தாளில் 'இதர குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'முன்பு மாணவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தவர்' என்று எழுதினேன். மறுநாள் தரவைச் சீர்செய்தபோது, இதர குறிப்புகளைத் தெரிவுப்பட்டியலில் இருந்து மட்டும் எடுக்கும்படி ஆயிற்று: நோய், மாற்றுத்திறன், தனியாக வாழ்பவர், மற்றவை. பாட்டி 'மற்றவை' ஆனார்.

நாலு பேருக்குச் சாப்பாடு என்பது சின்ன விஷயம் இல்லை. மழை பெய்தால் மரம் சீவ முடியாது, மங்கில் தண்ணீர் நிறைந்துவிடும், அன்றைய சம்பளம் அடிபடும். மழை மாதத்திலும் சனிக்கிழமை வரும். பெரும்பாலும் ஒரு கூடமும் ஓர் அறையும் கொண்ட லயத்து வீட்டில் நான்கு வெளியூர்ப் பிள்ளைகள் படுத்தால் வீட்டுப் பிள்ளைகள் எங்கே படுத்தார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்தச் செலவு எந்த அமைப்பின் ஆண்டறிக்கையில் வந்திருக்கும்? நம் தோட்டப் புனைவுகளில்கூட, என் வாசிப்பில், கங்காணியும் கள்ளுக்கடையும் கோயில் திருவிழாவும் வருகிற அளவுக்கு இந்தச் சனிக்கிழமை வருவதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையை நாம் சிறுகதைப் போட்டியோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறோம். எழுதத் தெரிந்தவர்கள்தான் அந்த பஸ்ஸில் போனவர்கள். ஆனாலும் அந்த வீடுகள் எழுத்தில் குறைவு.

படித்த பிள்ளைகள் ஏழைகள் நடுவே போய்த் தங்குவது உலகத்தில் பழைய பழக்கம். 1884-இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் டாய்ன்பி ஹால் என்ற இல்லம் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள் அங்கே தங்கி வகுப்பெடுத்தார்கள். அப்படித் தங்கியவர்களில் வில்லியம் பெவரிட்ஜ் ஒருவர். 1942-இல் பிரிட்டனின் சமூகக் காப்புறுதித் திட்டத்தை வகுத்தவர். இன்னொருவர் கிளெமென்ட் அட்லீ, அங்கே செயலாளராக வேலை செய்தவர், பின்னாளில் பிரதமர். ஏழைகளோடு வாழ்ந்ததுதான் அவர்களை மாற்றியது என்று எழுதுவார்கள். சரி, மாற்றியிருக்கலாம். ஆனால் 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டு மலாயாவில் அவசரகாலம் வந்தபோது லண்டனில் ஆட்சியில் இருந்தது இதே அட்லீதான். தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டபோதும் அவரேதான். கிழக்கு லண்டன் கற்றுக்கொடுத்த பாடம் சுங்கை சிப்புட் வரை வந்து சேரவில்லை. அதனால், தங்கினாலே மனம் மாறிவிடும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை குறைவு. காலை அமுக்கிவிட்ட அந்தப் பெண்ணும் பிறகு என்ன ஆனார் என்று யாருக்குத் தெரியும்.

நம் பக்கத்தில் டியூஷனைத் தாண்டிப் போனவர்களும் இருந்தார்கள். தேசியப் பல்கலைக்கழக மாணவராகச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய எஸ். அருட்செல்வன் போன்றவர்கள், பாடத்துக்கு நடுவே வீட்டுரிமை, சம்பளம் என்ற கேள்விகளுக்கு வந்து சேர்ந்தார்கள். சுங்கை சிப்புட்டில் 'அலைகள்' என்ற அமைப்பு தோட்டத் தொழிலாளர்களோடு வேலை செய்தது. நுரையீரல் மருத்துவரான ஜெயகுமார் தேவராஜ் அதில் இருந்தார். இப்படியான சில குழுக்கள் சேர்ந்து 1998-இல் மலேசிய சோசலிசக் கட்சியாயின. 1974-இலிருந்து சாமிவேலுவிடம் இருந்த சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியை 2008-இல் ஜெயகுமார் வென்றார். அவர்கள் அரசியலோடு எனக்கு முழு உடன்பாடா என்பது வேறு பேச்சு. வகுப்பறையில் தொடங்கியவர்களில் சிலர் கடைசியில் வந்து நின்றது சட்டம் மறித்து வைத்திருந்த இடத்தில்தான் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

ஆனால் பெரும்பான்மை டியூஷன் அந்தத் திசையில் போகவில்லை. அது தோட்டத்தை விட்டு எப்படி வெளியேறுவது என்று கற்றுக்கொடுத்தது. அதைக் குறையாகச் சொல்லும் தகுதி எனக்கில்லை. என் அம்மா அப்படி ஒரு வகுப்பில் படித்துத்தான் செமோர் தாமானுக்கு வந்தார், நான் பொறியியல் படித்தேன். இருந்தாலும் என் பட்டியலில் ஐம்பது வயது தாண்டிய ஒரு லாரி டிரைவர் இருந்தார். தோட்டத்தில் டியூஷன் நடந்ததா என்று கேட்டபோது சிரித்தார். "நடந்துச்சு. நானும் போனேன். எஸ்.ஆர்.பி. ஃபெயிலு. பாஸானவன் இன்னிக்கு டாக்டரு, மேடையில பேசுறான். ஃபெயிலானவன யாரு தம்பி மேடைக்குக் கூப்பிடுவா?"

நாங்கள் அழைத்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் அவர்களைத்தான். தேறிய பிள்ளைகள் வெளியேறினார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. கடைசிவரை லயத்தில் இருந்தவர்கள், வழிகாட்ட படித்தவர் யாரும் பக்கத்தில் இல்லாமல், நோட்டீஸை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். பட்டியலில் பலர் சொன்ன கதை இதுதான்.

தொலைவிலிருந்து செய்யும் சேவையைக் கிண்டல் செய்வது சுலபம். எங்கள் குழு எட்டு வாரத்தில் பேசிய வீடுகளைப் பழைய மாணவர்கள் பஸ்ஸில் போய்ப் பார்த்திருந்தால் ஓர் ஆண்டு ஆகியிருக்கும். உணவுப் பொட்டலங்கள் சரியான வீட்டுக்குப் போயின. அதே சமயம், 2020-இல் கல்வி அமைச்சின் கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி சிக்னலுக்காக மரத்தின் மேல் ஏறித் தேர்வெழுதினாள். இந்த நாட்டில் போன் வழியாகப் பாடம் நடத்துவது என்றால் பாதி வகுப்பு வாசலுக்கு வெளியே நிற்கும். உயர்கல்வி அமைச்சு 2019-இல் சுலாம் என்ற சேவைவழிக் கற்றல் திட்டத்தைக் கொண்டுவந்தது. இப்போது சேவை என்பது பாடத்தின் ஒரு பகுதி, மதிப்பெண் உண்டு. என் ஃபெல்லோஷிப் என் சுயவிவரத்தில் ஒரு வரியாக இருக்கிறது. முதல் வேலைக்கான நேர்காணலில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த எட்டு வாரமும் அந்தக் குடும்பங்களால் எங்களுக்கு எதையும் கொடுக்க முடியவில்லை. ஒரு கோப்பி கலக்கித் தர முடியவில்லை, கருவாடு ஆகுமா என்று கேட்க வழியில்லை. தமிழ் இருக்கைக்கு ஒரு வெள்ளி, நிலத்துக்குப் பத்து வெள்ளி, சனிக்கிழமைப் பிள்ளைகளுக்கு இரவுச் சோறு என்று மூன்று தலைமுறையாகக் கொடுத்துப் பழகியவர்கள், எங்கள் தாளில் பயனாளி என்ற ஒரே நெடுவரிசைக்குள் வந்து சேர்ந்தார்கள். கேள்விகளையும் நாங்கள்தான் தயாரித்தோம். அவர்களிடமிருந்து எங்களுக்கு வர வேண்டியது பதில் மட்டும். பாட்டி அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்று இப்போது புரிகிறது. முதல் கேள்வியை அவர்தான் கேட்டார்.

2012-இல் ஆவ்கு தளர்ந்தது, 2018-இல் இன்னும் கொஞ்சம், 2024-இல் மாணவர் அமைப்புகள் தங்கள் பணத்தைத் தாங்களே நிர்வகிக்கவும் வழி வந்துவிட்டது. 1975-இல் மூடிய கதவுகளில் பல இப்போது திறந்திருக்கின்றன. ஆனால் போய்த் தங்குவதற்கு லயம் இல்லை. அன்று பஸ்ஸில் போனவர்களுக்கு அறுபது வயதுக்கு மேல். சோறு போட்டவர்களுக்கு எண்பது. இப்போது வேலை முடிந்த பிறகு, கிடைக்கிற எண்களுக்கு நானே அழைத்துப் பேசுகிறேன். இதுவும் போனில்தான். எந்தத் தோட்டம், யார் வீட்டில் தங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறேன்.

சென்ற மாதம் ஷா ஆலமில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேசினார். பாட்டி இருந்த அதே தோட்டத்துக்கு இரண்டு ஆண்டு போனவர். கருவாடு ஆகாத பெண் இவர் இல்லை, அவரைத் தெரியவும் தெரியாது. என்ன பாடம் எடுத்தீர்கள் என்றதற்கு "கணிதம், மலாய்" என்று சட்டென்று முடித்துவிட்டார். யார் வீட்டில் தங்கினீர்கள் என்றபோது, "இருங்க, கதவைச் சாத்திட்டு வரேன்" என்று எழுந்து போய் வந்தார். லயத்தின் கோடியிலிருந்து ஒவ்வொரு வீடாகச் சொல்லத் தொடங்கினார். ரேடியோ இருந்த வீடு, கைப்பிள்ளை இருந்த வீடு, கிராணியோடு சண்டை போட்டவர் வீடு, ராத்திரி விளக்குக்கு மண்ணெண்ணெய் கடன் கொடுத்த வீடு. நான் பழைய தாளைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன பெயர்களில் மூன்று அதில் இருந்தன.